பெயர் இல்லாத கடன்

2006-ம் வருஷம், ஆகஸ்ட் மாதம். தென் ஆப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரம். குன்றின்மேல் நீளமாக ஒரு கட்டடம். யூனியன் பில்டிங்ஸ் என்று பெயர். நமக்குச் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. அதிபரின் அலுவலகம் அங்கேதான்.

அந்த அலுவலகத்தின் தலைமை அதிகாரி ஃப்ராங்க் சிக்கானே. கறுப்பர். அடிப்படையில் ஒரு பாதிரியார். அவரைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்தார். வயது அறுபத்தெட்டு. கையில் ஒரு பை. உட்கார்ந்தார். ஒரு பைபிளை எடுத்துக் கொடுத்தார். கடவுளுக்கு எதிராகவும் உங்களுக்கு எதிராகவும் பாவம் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்றார்.

அதோடு எழுந்து போயிருந்தால் அது ஒரு சாதாரணச் சந்திப்பு. பெரியவர் போகவில்லை. பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு கிண்ணம் வந்தது. ஒரு துண்டு வந்தது. மேஜைமேல் இருந்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினார். உங்கள் காலைக் கழுவ அனுமதிக்க வேண்டும் என்றார்.

சிக்கானே தயங்கினார். யாராக இருந்தாலும் தயங்கத்தான் செய்வார்கள். பிறகு, சரி என்று காலைக் காட்டினார்.

பெரிய வியாழன் அன்று நம் ஊர் மாதா கோயில்களில் பாதிரியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏசு தம் சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாகச் செய்வது. அந்தப் பெரியவர் செய்ததும் அதேதான். ஒரு வித்தியாசம். அவர் பாதிரியார் இல்லை. அவர் பெயர் அட்ரியான் வ்லோக். நிறவெறி அரசாங்கத்தில் 1986 முதல் 1991 வரை சட்டம் ஒழுங்கு மந்திரி. அதாவது, போலீஸ் மந்திரி. அவருடைய போலீஸ்தான் 1989-ல் சிக்கானேயை விஷம் வைத்துக் கொல்லப் பார்த்தது.

நெகிழ்ச்சியாக இருக்கிறது, இல்லையா? செய்தி வெளியே வந்தபோது உலகம் பூராவும் நெகிழ்ந்தது. நெகிழ்வதோடு நிறுத்திக்கொண்டால் நமக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதிப் பாதியைப் பார்க்கக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

முதலில் அந்த விஷக் கதை.

1989-ல் சிக்கானே தென் ஆப்பிரிக்கத் திருச்சபைகளின் கவுன்சிலுக்குப் பொதுச் செயலாளர். வெளிநாட்டுப் பயணம் கிளம்பினார். போன இடத்தில் படுத்த படுக்கையானார். வாந்தி, மூச்சுத் திணறல், நடுக்கம். என்ன வியாதி என்று யாருக்கும் புரியவில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தால் குணமாகிவிடும். வீட்டுக்குப் போனால் மறுபடி விழுந்துவிடுவார். திரும்ப ஆஸ்பத்திரி. திரும்ப குணம். திரும்ப வீடு. திரும்ப ஆம்புலன்ஸ்.

கடைசியில் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். உடம்பில் பூச்சிமருந்து வகையைச் சேர்ந்த விஷம். சாப்பாட்டில் இல்லை. பெட்டியில் இருந்த துணிமணிகளில், முக்கியமாக உள்ளாடைகளில் தடவியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை ஆஸ்பத்திரி உடுப்பு. வீட்டுக்குப் போனதும் சொந்த உடுப்பு. புரிகிறதா?

ஒரு பாதிரியார்மேல் ஏன் இத்தனை கோபம்? காரணம் இருந்தது. அதற்கு முன்னால், 1977-ல் சிக்கானேயை போலீஸ் பிடித்துச் சித்திரவதை செய்தது. அதை மேற்பார்வை பார்த்த வெள்ளைக்கார அதிகாரி யார் தெரியுமா? சிக்கானே சேர்ந்திருந்த அதே அப்போஸ்தல விசுவாச மிஷன் சபையில் ஒரு உதவிக்காரர். சபை ஒன்று. ஆனால் வெள்ளையருக்குத் தனிப் பிரிவு, கறுப்பருக்குத் தனிப் பிரிவு. இருவருக்கும் ஒரே பைபிள். வாரநாளில் அடிப்பார், ஞாயிற்றுக்கிழமை ஜெபம் பண்ணுவார்.

இதை ஒரு தனி மனிதரின் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. தென் ஆப்பிரிக்காவில் நிறவெறி கோயில் வாசல் வழியாகவும்தான் உள்ளே வந்தது. 1857-ல் டச்சு சீர்திருத்தச் சபையின் மாநாடு ஒரு தீர்மானம் போட்டது. எல்லோரும் ஒன்றாகத் தொழுவதுதான் வேதத்துக்குப் பொருத்தம்; ஆனால், சிலருடைய பலவீனத்தை உத்தேசித்துக் கறுப்பர்களுக்குத் தனியாக ஆராதனை வைத்துக்கொள்ளலாம். அந்தச் சிலருடைய பலவீனம் மெல்ல மெல்ல எல்லோருடைய கொள்கையாகிவிட்டது. 1948-ல் நிறவெறியைச் சட்டமாக்கிய ஆட்சியின் முதல் பிரதமர் டி.எஃப். மலான். அவரும் அந்தச் சபையில் பாதிரியாராக இருந்தவர்தான்.

ஆக, கண்டிக்கவேண்டிய இடமே தப்புக்குத் துணை. இப்போது என்ன செய்வது?

இங்கே கொஞ்சம் நிறுத்தி, பைபிளில் மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரத்தைப் பார்த்துவிடலாம். மன்னிப்பு என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற இடம் அது. ஏழு தடவை மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்க, ஏசு அதை எழுபதால் பெருக்கிச் சொன்னது அங்கேதான். ஆனால் அதே அதிகாரத்தில், அதற்குச் சில வரிகள் முன்னால், இன்னொரு சங்கதி இருக்கிறது. உன் சகோதரன் உனக்குத் தப்பு செய்தால், முதலில் தனியாகப் போய் அவனிடம் சொல். கேட்கவில்லையா, இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல். அதற்கும் கேட்கவில்லையா, சபைக்கு முன்னால் சொல்.

கவனித்தீர்களா? முதலில் போய்ச் சொல்லவேண்டும். மூன்று கட்டமாகச் சொல்லவேண்டும். மன்னிக்கிற கணக்கு அதற்கு அப்புறம்தான் வருகிறது. பிரசங்கங்களில் இரண்டாவது பாதிக்குக் கிடைக்கிற மரியாதை முதல் பாதிக்குக் கிடைப்பதில்லை. சொல்வது கஷ்டமான காரியம் அல்லவா?

சொன்னவர்கள் இருந்தார்கள். பேயர்ஸ் நௌடே என்று ஒருவர். டச்சு சீர்திருத்தச் சபையின் பாதிரியார். வெள்ளை ஆப்பிரிக்கானர்களின் சர்வவல்லமை பொருந்திய ரகசிய சங்கமான ப்ரோடர்பாண்டில் உறுப்பினர். எந்தப் பதவி வேண்டுமானாலும் வந்து விழுந்திருக்கும். 1960 மார்ச்சில் ஷார்ப்வில் என்ற ஊரில் போலீஸ் சுட்டு 69 கறுப்பர்கள் செத்தார்கள். நௌடேயால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. 1963-ல், ஜோஹானஸ்பர்க்கில் தம் சொந்தச் சபையாரின் முன்னால் நின்று, மனுஷர் பேச்சைக் கேட்பதா, கடவுள் பேச்சைக் கேட்பதா என்று கேட்டுவிட்டுப் பதவியைத் துறந்தார். இனத்துரோகி என்றார்கள். 1977-ல் அரசாங்கம் அவர்மேல் தடை போட்டது. ஒரே சமயத்தில் ஒருவருக்குமேல் சந்திக்கக் கூடாது. அவர் சொல்வதை யாரும் அச்சிடக் கூடாது. ஏழு வருஷம் அப்படியே வாழ்ந்தார்.

திருச்சபைகளின் கவுன்சிலில் பொதுச் செயலாளர் நாற்காலி இருந்ததே, அதில் வரிசையாக உட்கார்ந்தவர்களைப் பாருங்கள். முதலில் டெஸ்மண்ட் டூட்டு. அவருக்குப் பிறகு, தடை நீங்கி வந்த நௌடே. அவருக்குப் பிறகு சிக்கானே. போய்ச் சொல்வதையே வேலையாக வைத்திருந்தவர்கள்.

1985-ல் ஒரு ஆவணம் வந்தது. கெய்ராஸ் ஆவணம். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இறையியலாளர்களும் பாதிரியார்களும் கையெழுத்துப் போட்டார்கள். அதன் பின்னணியில் இருந்து வேலை செய்தவர்களில் சிக்கானே முக்கியமானவர். சமாதானம், சமாதானம் என்று சபைகள் பேசுகின்றனவே, அது எப்படிப்பட்ட சமாதானம் என்று அந்த ஆவணம் கேட்டது. அடிக்கிறவன் கையில் தடியை வைத்துக்கொண்டு நிற்கும்போதே, அடிபடுகிறவனைப் பார்த்து மன்னித்துவிடப்பா என்று சொல்வது ஏசுவின் போதனை இல்லை. நியாயம் இல்லாமல் சமரசம் இல்லை, மனந்திரும்பாமல் மன்னிப்பு இல்லை என்பது அதன் சாரம்.

இதைப் பழிவாங்கும் பேச்சு என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், நான் பி.காம். படித்தவன். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் வாராக்கடன் பாடம் நடத்தும்போது திரும்பத் திரும்ப ஒன்று சொல்வார். 'தள்ளுபடி பண்றது முதலாளி இஷ்டம்டா. ஆனா, தள்ளுபடி பண்ணணும்னா அந்தக் கடன் மொதல்ல பேரேட்டுல இருக்கணும். யார் பேர், எவ்வளவு தொகை, எந்தத் தேதி. அது இல்லாம எதைத் தள்ளுவே?' கடனே கிடையாது என்கிறவனிடம் உன் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். சண்டைக்கு வருவான்.

தமிழில் புராட்டஸ்டண்ட் சபைகளில் சொல்லுகிற பரமண்டல ஜெபத்தில், மன்னிப்பு கேட்கிற இடத்தில் 'பாவம்' என்ற சொல் கிடையாது. 'கடன்' என்றுதான் இருக்கும். பிறர் நமக்குச் செய்த தப்புக்கும் அதே சொல். அவர்கள் நம் 'கடனாளிகள்'. மத்தேயு பதினெட்டாம் அதிகாரம் முடிவதும் ஒரு கடன் கதையில்தான். ஒரு ராஜா. அவனுக்குப் பெருந்தொகை பாக்கி வைத்திருந்த ஒரு வேலைக்காரன். ராஜா மனமிரங்கித் தள்ளுபடி செய்கிறான். ஆனால் கதை எப்படி ஆரம்பிக்கிறது? ராஜா கணக்குப் பார்க்க உட்காருவதில் ஆரம்பிக்கிறது.

தென் ஆப்பிரிக்கா கணக்குப் பார்க்க உட்கார்ந்தது. அதற்குமுன் ஒரு ஒத்திகை நடந்தது. 1990 நவம்பர். மண்டேலா சிறையிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ரஸ்டன்பர்க் என்ற ஊரில் எல்லாச் சபைகளும் கூடின. ஸ்டெலன்பாஷ் பல்கலைக்கழகத்தின் இறையியல் பேராசிரியர் வில்லி யோங்கர், டச்சு சீர்திருத்தச் சபைக்காரர், பேச எழுந்தார். உங்களுக்கு அரசியலில், சமூகத்தில், பொருளாதாரத்தில் நடந்த அநியாயங்களுக்கு என் பங்கை நான் ஒப்புக்கொள்கிறேன், என் சபையின் சார்பாகவும் ஒப்புக்கொள்கிறேன் என்றார். டூட்டு எழுந்தார். மன்னிப்பு கேட்டு ஒருவர் வந்து நிற்கும்போது மறுக்க முடியாது, ஏற்றுக்கொள்கிறோம் என்றார்.

உடனே கைதட்டல் என்று நினைக்கிறீர்களா? ம்ஹும். கறுப்பர்கள் தரப்பிலேயே சலசலப்பு. எங்கள் சார்பில் மன்னிக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நியாயமான கேள்வி. கடன் கொடுத்தவன் ஒருத்தன், தள்ளுபடி செய்கிறவன் இன்னொருத்தனா? இந்தக் கேள்வி டூட்டுவைக் கடைசிவரை துரத்தியது.

1995-ல் ஒரு சட்டம் போட்டு, உண்மை மற்றும் சமரச ஆணையம் அமைத்தார்கள். தலைவர், பேராயர் டூட்டு. துணைத் தலைவர் அலெக்ஸ் போரைன், அவரும் மெதடிஸ்ட் பாதிரியாராக இருந்தவர். டூட்டு ஊதா அங்கியோடு வந்து உட்கார்ந்து, ஜெபத்தோடு விசாரணையை ஆரம்பிப்பார். இது கோர்ட்டா, கோயிலா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு.

ஆனால் சட்டம் கோயில் சட்டம் இல்லை. ரொம்பக் கறாரானது. 1960-லிருந்து 1994 வரை நடந்த குற்றங்கள். அரசியல் காரணத்துக்காகச் செய்ததாக இருக்கவேண்டும். செய்தவர் முழு உண்மையையும் சொல்லவேண்டும். சொன்னால் பொதுமன்னிப்பு, வழக்கு கிடையாது. மறைத்தால் கிடையாது. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வருத்தம் தெரிவிக்கவேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. அழவேண்டாம், காலில் விழவேண்டாம். உண்மையைச் சொல், போதும்.

அதாவது, அரசாங்கம் தன் கையில் இருந்த தண்டனையைத் தள்ளுபடி செய்தது. மனசால் மன்னிப்பதா வேண்டாமா என்பதைப் பாதிக்கப்பட்டவர்களிடமே விட்டுவிட்டது. இதுவும் எல்லோருக்கும் ஏற்கவில்லை. 1977-ல் போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்ட ஸ்டீவ் பிகோவின் குடும்பம் வழக்குப் போட்டது. எங்களுக்கு வழக்கு நடத்தும் உரிமை வேண்டும், அதைப் பறிக்க நீங்கள் யார்? 1996-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனால் பிகோ வழக்குப் போலீஸ்காரர்கள் பொதுமன்னிப்புக்கு வந்து நின்றபோது, 1999-ல் ஆணையம் அவர்களைத் திருப்பி அனுப்பியது.

வந்தவர்களுக்கெல்லாம் மன்னிப்பை அள்ளி வீசினார்கள் என்று ஒரு நினைப்பு நம்மில் பலருக்கு. கணக்கைப் பாருங்கள். மொத்த மனுக்கள் 7112. கிடைத்தது 849 பேருக்கு.

சரி, வரவே மறுத்தவர்கள்? முன்னாள் அதிபர் பி.டபிள்யூ. போத்தா மறுத்தார். டூட்டு என்ன செய்தார் தெரியுமா? முதலில் தானே கிளம்பிப் போய் அவரைப் பார்த்துப் பேசினார். போத்தாவின் மனைவி இறந்தபோது இறுதிச் சடங்குக்குப் போனார். அப்புறம் ஆணையத்திலிருந்து சம்மன் அனுப்பினார். அதற்கும் வரவில்லை என்றதும், வழக்கு. 1998-ல் பத்தாயிரம் ராண்ட் அபராதம் விதித்தார்கள். அடுத்த வருஷம் மேல்முறையீட்டில், சட்ட நுணுக்கம் ஒன்றில் போத்தா தப்பித்தார். கடைசிவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லாமல் 2006-ல் போய்ச் சேர்ந்தார். ஆனால் டூட்டு போன வழியைக் கவனியுங்கள். முதலில் தனியாக. பிறகு ஆணையத்தின் பெயரில். பிறகு ஊரறிய. மத்தேயு பதினெட்டு, வரிசை மாறாமல்!

வ்லோக் வந்தார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். பழைய மந்திரிகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்து நின்றவர்கள் அபூர்வம். 1988-ல் ஜோஹானஸ்பர்க்கில் கோட்ஸோ ஹவுஸ் என்ற கட்டடத்தில் குண்டு வெடித்தது. திருச்சபைகளின் கவுன்சில் அலுவலகம், அதாவது சிக்கானேயின் அலுவலகம் அங்கேதான் இருந்தது. அப்போது மந்திரி வ்லோக் என்ன சொன்னார்? இது கறுப்பர் இயக்கத்தின் வேலை என்றார். ஷெர்லி கன் என்ற பெண்மேல் பழியைப் போட்டார்கள். அந்தப் பெண் கைக்குழந்தையோடு சிறையில் கிடந்தார். குண்டு வைத்தது எங்கள் போலீஸ்தான், நான் சொன்னது பொய் என்று ஆணையத்தின் முன்னால் வ்லோக் ஒப்புக்கொண்டார். பொதுமன்னிப்பும் கிடைத்தது.

ஆனால் சிக்கானேயின் பெட்டியில் விஷம் வைத்த கதையை அவர் அங்கே சொல்லவில்லை. பேரேட்டில் அந்த வரி மட்டும் ஏறவில்லை.

இப்போது திரும்பவும் அந்தக் கிண்ணத்தைப் பாருங்கள். 2006-ல் வ்லோக் ஏன் வந்தார் என்பது புரிகிறதல்லவா? மன்னிப்பு வாங்காத கடன் ஒன்று பாக்கி இருந்தது. சிக்கானே மன்னித்தார். அவர் மன்னித்ததை நாம் சந்தேகப்பட வேண்டியதில்லை. தம்மைச் சித்திரவதை செய்தவரும் ஒரே சபையில் இருந்த மனிதர் அவர். 1996-ல் அந்தச் சபையின் வெள்ளை, கறுப்புப் பிரிவுகள் ஒன்றாகச் சேர்ந்தபோது, ஒன்றுபட்ட சபைக்குத் துணைத் தலைவர் ஆனவர் சிக்கானேதான்.

ஆனால், மன்னித்ததோடு கதை முடியவில்லை. அடுத்த வருஷம், 2007 ஆகஸ்ட் 17-ம் தேதி, வ்லோக் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அவரோடு முன்னாள் போலீஸ் கமிஷனர் யோஹான் வான் டெர் மெர்வ, இன்னும் மூன்று போலீஸ்காரர்கள். சிக்கானேயைக் கொல்ல முயன்ற வழக்கு. ஐந்து பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். வ்லோக்குக்குப் பத்து வருஷம் தண்டனை, நிறுத்திவைக்கப்பட்டது. ஜெயிலுக்குப் போகவில்லை.

அதுதான் மன்னித்தாகிவிட்டதே, பிறகு எதற்குக் கோர்ட்டு என்று கேட்டால், இரண்டும் வேறு வேறு கணக்குப் புத்தகங்கள். சிக்கானே தமக்கு வரவேண்டியதைத் தள்ளுபடி செய்யலாம். ஊருக்கு வரவேண்டியதை அவர் தள்ள முடியாது. அந்த விஷத்தை யார் தயாரித்தார்கள், பட்டியலில் இன்னும் யார் யார் பெயர் இருந்தது, மேலிடத்தில் யார் தலையசைத்தார்கள்? ஒப்பந்தம் போட்டு வழக்கை முடித்ததில் இதெல்லாம் விலாவாரியாக வெளியே வராமலே போய்விட்டது என்று அன்றைக்கே பலர் கொதித்தார்கள். கோபத்தில் நியாயம் இருந்தது.

வ்லோக்கின் மனமாற்றம் வேஷம் என்று நான் சொல்லமாட்டேன். மமேலோடி என்ற ஊரில் போலீஸ் கொன்றுபோட்ட இளைஞர்களின் தாய்மார்களைத் தேடிப்போய் அவர்கள் காலையும் கழுவினார். கடைசிக் காலத்தில், பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏழைக் குடியிருப்புக்குத் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போய் உணவு விநியோகித்தார். 2023 ஜனவரியில், எண்பத்தைந்து வயதில் இறந்துபோனார். ஒரு போலீஸ் மந்திரி இந்தத் தூரம் நடந்து வந்ததே பெரிய விஷயம்தான்.

ஆனால் எனக்கு வேறொரு குடும்பத்தின் ஞாபகம் வருகிறது.

ஆணையத்தின் முதல் விசாரணை 1996 ஏப்ரலில், ஈஸ்ட் லண்டன் என்ற கடற்கரை ஊரின் டவுன் ஹாலில் நடந்தது. இரண்டாம் நாள், நொமோண்டே கலாத்தா என்ற பெண் சாட்சி சொல்ல வந்தார். 1985 ஜூனில் க்ராடக் என்ற சின்ன ஊரைச் சேர்ந்த நான்கு பேர் காரில் வீடு திரும்பும்போது போலீஸ் மடக்கிக் கொன்று எரித்தது. அதில் ஒருவர், வாத்தியாராக இருந்த அவர் கணவர் ஃபோர்ட் கலாத்தா. வீட்டுக்கு வந்த பேப்பரில் எரிந்த காரின் படத்தைப் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் உடைந்தார். பின்பக்கமாகச் சாய்ந்து ஒரு அலறல். அன்றைக்கு அந்த ஹாலில் இருந்தவர்கள் யாரும் அதை மறக்கவில்லை. விசாரணையை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று.

அந்த நால்வரில் இன்னொருவர் சிசெலோ ம்ஹ்லாவுலி. அவருடைய மகளும் பேசினார். அப்பாவை என்னென்ன செய்தார்கள் என்பதைச் சொல்லி முடித்துவிட்டு, நாங்கள் மன்னிக்கத்தான் விரும்புகிறோம், ஆனால் யாரை மன்னிப்பது என்று எங்களுக்குத் தெரியவேண்டும் என்றார். சின்னப் பெண். டூட்டு அதைப் பிற்பாடு வியந்து வியந்து சொன்னார்.

அந்தக் கேள்விக்கு என்ன ஆயிற்று? ஆறு போலீஸ் அதிகாரிகள் ஆணையத்திடம் வந்தார்கள். முழு உண்மையைச் சொல்லவில்லை என்று 1999-ல் அவர்களுக்குப் பொதுமன்னிப்பு மறுக்கப்பட்டது. மறுத்தால் வழக்குப் போடவேண்டும் அல்லவா? அதுதானே ஒப்பந்தம்? போடவில்லை. இது ஒன்று மட்டுமில்லை. ஆணையம் சுமார் முந்நூறு வழக்குகளை அரசாங்க வக்கீல்களிடம் ஒப்படைத்தது. விரல்விட்டு எண்ணக்கூடியவை தவிர மீதியெல்லாம் அலமாரியில் தூங்கின. ஆண்டவன் பேரால் மன்னிப்பு பேசிய நாட்டில், மண்டேலாவின் கட்சி ஆண்ட நாட்டில்தான் இது நடந்தது. நஷ்ட ஈட்டிலும் இதே கதை. ஆறு வருஷத்துக்கு வருஷாவருஷம் உதவித்தொகை கொடுக்கச் சொன்னது ஆணையம். 2003-ல் அரசாங்கம் அறிவித்தது ஒரே ஒரு தடவை, முப்பதாயிரம் ராண்ட்.

க்ராடக் வழக்கில் அந்த ஆறு பேரும் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். ஒருவர்கூட விசாரணைக் கூண்டில் ஏறவில்லை. 2025 ஜனவரியில், ஃபோர்ட் கலாத்தாவின் மகன் லுகான்யோவும் இன்னும் பல குடும்பங்களும் சேர்ந்து அரசாங்கத்தின்மேல் வழக்குப் போட்டார்கள். அந்த வருஷமே அதிபர் ரமபோசா, இந்த வழக்குகளை நடத்தவிடாமல் தடுத்தது யார் என்று கண்டுபிடிக்க ஒரு விசாரணைக் கமிஷன் அமைக்க வேண்டியதாயிற்று. ஜூன் மாதம், க்ராடக் நால்வரின் மரண விசாரணை மூன்றாவது தடவையாகத் திறக்கப்பட்டது. கொலை நடந்து நாற்பது வருஷம். நொமோண்டே கலாத்தா மறுபடியும் சாட்சி சொல்ல உட்கார்ந்தார்.

ஈஸ்ட் லண்டனில் 1996-ல் அழுதவர்தான். வயதாகிவிட்டது. கேள்வி மட்டும் அதே கேள்வி.

நம் ஊரில் 'மறப்போம், மன்னிப்போம்' என்று ஒரு வாசகம் ரொம்பப் பிரபலம். அரசியல் மேடையிலும் கேட்டிருப்பீர்கள், கல்யாண வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். சொத்துத் தகராறோ, கைநீட்டின கணவரோ, ஏமாற்றின பங்காளியோ, எதுவாக இருந்தாலும் யாராவது ஒரு பெரியவர் வந்து, 'சரி விடும்மா, பழசைக் கிளறாதே' என்பார். பெரும்பாலும் அது அடிபட்டவரைப் பார்த்துச் சொல்லப்படும். அடித்தவரைப் பார்த்து, 'நீ என்ன செய்தாய், வாயைத் திறந்து சொல்' என்று கேட்பவர்கள் எத்தனை பேர்? நான் கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். பெரிதாக இல்லை. கேட்டால் அந்த வீட்டில் காப்பி கிடைக்காது.

மன்னிப்பு என்பது கடன் கொடுத்தவரின் தானம். அதை அவரிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. ஏசு சொன்னபடி 490 தடவை கொடுக்கிற மனசு உள்ளவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். க்ராடக்கின் அந்தப் பெண்ணே கொடுக்கத் தயாராகத்தான் வந்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால், டவுன் ஹாலில், எல்லோர் முன்னிலையிலும் கையை நீட்டினார்.

வாங்கிக்கொள்ளத்தான் முழுக் கணக்கோடு யாரும் முன்வரவில்லை.